ஓர் உயிலும் மூட மறுத்த கல்லூரியும்: ஸ்வீட் ப்ரையர் நிகழ்வு ஆய்வு

2015 மார்ச் 3, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ப்ளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில் இருக்கும் ஸ்வீட் ப்ரையர் பெண்கள் கல்லூரியில் முதலில் ஆசிரியர்களைக் கூப்பிட்டார்கள், பிறகு மாணவிகளை. இரண்டு கூட்டத்திலும் தலைவர் ஜேம்ஸ் ஜோன்ஸ் சொன்ன செய்தி ஒன்றுதான். இந்தப் படிப்பாண்டோடு கல்லூரியை மூடுகிறோம், ஆகஸ்ட் 25 கடைசி நாள்.

நிர்வாகக் குழு சில நாட்களுக்கு முன்பே வாக்கெடுத்து முடித்திருந்தது. வெளியே ஒரு மூச்சு இல்லை. முதலாண்டு மாணவிக்கு இன்னும் மூன்று வருடப் படிப்பு பாக்கி. மூன்றாமாண்டு மாணவியின் நிலைமை அதைவிட மோசம், இன்னொரு கல்லூரிக்குப் போனால் எத்தனை பாடங்களை ஏற்றுக்கொள்வார்களோ தெரியாது. வளாகத்து லாயத்தில் சொந்தக் குதிரையைக் கட்டியிருந்த பெண்கள் குதிரைக்கும் சேர்த்து இடம் தேட வேண்டும். ஆசிரியர்கள் பலர் வளாகத்திலேயே குடியிருந்தவர்கள். வேலை போனால் வீடும் போகும்.

ஆனால் கல்லூரி மூடவில்லை. ஆகஸ்ட் 25-ஐத் தாண்டியது, இன்றும் நடக்கிறது. எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. கிராமப்புறச் சிறு கல்லூரி என்றால் என்ன, அதில் போய்ப் படிப்பது என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஸ்வீட் ப்ரையர் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி. அந்தப் பெயரைக் கேட்டதும் நம் மனதில் வருவது பி.ஏ. வரலாறும் பி.காமும் இருக்கும் கலைக் கல்லூரி. இது அது இல்லை. இயற்பியல், உயிரியல், பொருளாதாரம், நாட்டியம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். சேரும்போது துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இரண்டு வருடம் பல பாடங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம். பெரும்பாலும் இளநிலைப் பட்டம் மட்டும்தான். முதுநிலை மாணவர் கூட்டம் இல்லாததால் பாடம் நடத்துவது பேராசிரியரே, உதவியாளர் அல்ல. வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஸ்வீட் ப்ரையரில் பொறியியலும் உண்டு. முறையான அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம் தரும் அமெரிக்கப் பெண்கள் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இது அவற்றில் ஒன்று.

அப்புறம் அந்த நிலம். 2015-இல் கல்லூரிக்கு இருந்தது 3,000 ஏக்கருக்கு மேல். வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்கப் போனவர்களையும் சேர்த்து மாணவிகள் சுமார் 700 பேர். தலைக்கு நாலு ஏக்கருக்கு மேல்! காடு, ஏரி, குதிரைப் பாதைகள், ஒரு காலத்தில் சொந்தமாகப் பால்பண்ணை. பக்கத்து ஊர் ஆம்ஹெர்ஸ்ட் ஒரு சின்ன டவுன். கொஞ்சம் பெரிய ஊரான லிஞ்ச்பர்க் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். பல்கலைக்கழக நகரமான ஷார்லட்ஸ்வில்லுக்கு ஒரு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். ஸ்டார்பக்ஸ் காபி குடிக்கவே அரை மணி நேரம் போக வேண்டிய இடம் என்று தலைவரே குறைபட்டுக்கொண்டதாக அப்போதைய செய்திகளில் வந்தது. பழைய மாணவிகளுக்குப் பொத்துக்கொண்டு வந்த கோபத்தில் பாதி இந்த ஒரு காபிப் பேச்சால்தான் இருக்க வேண்டும்.

மகளுக்காக ஒரு கல்லூரி

இந்த இடம் முதலில் ஒரு தோட்டப் பண்ணை. எலைஜா ஃப்ளெட்சர் என்பவர் வடக்கே வெர்மான்ட்டிலிருந்து ஆசிரியராக வந்து, வர்ஜீனியாவிலேயே தங்கி, பெரும் நிலக்கிழாராக மாறியவர். அவருடைய நிலத்தில் உழைத்தவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். அவர்கள் குடியிருந்த ஒரு மரக்குடில் இன்னும் நிற்கிறது, பண்ணை வீட்டுக்குப் பின்னால். அவர்களைப் புதைத்த இடமும் வளாகத்துக்குள்தான்.

எலைஜாவின் மகள் இந்தியானா ஃப்ளெட்சர் வில்லியம்ஸ். (பெயரைப் பார்த்து நம் ஊர்த் தொடர்பு ஏதும் தேட வேண்டாம்.) அவருக்கு ஒரே மகள், டெய்ஸி. 1884-இல், 16 வயதில் டெய்ஸி இறந்துபோனாள். பிறகு கணவரும் போனார். 1900-இல் இந்தியானா இறந்தபோது சொத்தெல்லாம் ஓர் உயிலில் இருந்தது. மகளின் நினைவாக, இந்தப் பண்ணையில், பெண்களுக்கென்று ஒரு கல்விக்கூடம் என்றென்றைக்கும் நடக்க வேண்டும். பண்ணை நிலத்தை விற்கக் கூடாது. சமூகத்துக்குப் பயனுள்ளவர்களாக அவர்களை உருவாக்கும் கல்வி எதுவோ அதைக் கொடுக்க வேண்டும். இவற்றோடு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. படிக்க வருபவர்கள் வெள்ளைக்காரப் பெண்களாக இருக்க வேண்டும்.

1901-இல் கல்லூரி சட்டப்படி உருவானது, 1906-இல் கதவு திறந்தது. இந்த உயிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மூன்று முறை திரும்பி வரும்.

முதல் முறை 1960-களில். நிற நிபந்தனையைக் கைவிட வேண்டும் என்று கல்லூரியே நீதிமன்றம் போனது. செத்தவர் எழுதிய எழுத்தை உயிரோடு இருப்பவர்கள் மாற்றலாமா என்ற கேள்வி மாநில நீதிமன்றத்திலிருந்து கூட்டாட்சி நீதிமன்றம் வரை இழுத்தது. 1966-இல் முதல் கறுப்பின மாணவி சேர்ந்தார். அடுத்த ஆண்டு அந்த நிபந்தனை செல்லாது என்று முடிவானது.

ஆடித் தள்ளுபடிக் கணக்கு

மூட முடிவு செய்தவர்கள் வில்லன்கள் இல்லை. அவர்கள் பார்த்த கணக்கு உண்மையான கணக்கு. அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

2014-15-இல் படிப்புக் கட்டணம் சுமார் 35,000 டாலர். தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்தால் 47,000. பலகையில் எழுதியிருக்கும் விலை இது. ஆனால் யாரும் அந்த விலையைக் கட்டுவதில்லை. மாணவியை இழுக்க, உதவித்தொகை என்ற பெயரில் கல்லூரியே தள்ளுபடி தரும். நம் ஊர் ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரிதான். விலையை ஏற்றிப் போட்டுவிட்டு, அதிலிருந்து பாதியைக் குறைப்பது. ஸ்வீட் ப்ரையரில் புதிதாகச் சேர்பவர்களுக்கு இந்தத் தள்ளுபடி 60 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அதாவது 35,000 என்று எழுதிய இடத்தில் கைக்கு வந்தது சராசரியாக 14,000கூட இல்லை.

கூட்டம் குறைந்தால் தள்ளுபடியை ஏற்றுவார்கள். ஏற்றினால் வருமானம் குறையும். அந்த ஓட்டையை அடைக்க மூலதன நிதியிலிருந்து, அதாவது நன்கொடைகளை முதலீடு செய்து வைத்திருக்கும் சேமிப்பிலிருந்து, எடுப்பார்கள். அந்த நிதி அப்போது சுமார் 8.4 கோடி டாலர். கேட்க பெரிய தொகை. ஆனால் அதில் பெரும்பகுதி 'இந்தச் செலவுக்கு மட்டும்' என்று கொடையாளர்கள் கட்டிவைத்தது. ஒருவர் இசைக்கு என்று எழுதிக் கொடுத்த பணத்தில் கூரை ஒழுகலை அடைக்க முடியாது. கடன் வேறு இருந்தது. நிலத்தை விற்கலாமென்றால் உயில் குறுக்கே நிற்கிறது. நிலம் கொள்ளை கொள்ளையாக இருக்கிறது, கையில் காசு இல்லை. நம் கிராமத்துப் பெரிய வீடுகள் பலவற்றின் கதைதான்.

இதோடு பெண்கள் கல்லூரி என்ற சுமையும் இருந்தது. 1960 வாக்கில் அமெரிக்காவில் 230-க்கும் மேல் பெண்கள் கல்லூரிகள் இருந்தன. 2014-இல் நாற்பது சொச்சம். ஹார்வர்டும் யேலும் பெண்களைச் சேர்க்கத் தொடங்கிய பிறகு, தனியே ஒரு பெண்கள் கல்லூரி எதற்கு என்று பதினேழு வயதுப் பெண்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியைத் தப்பென்று சொல்ல முடியாது.

பக்கத்து லிஞ்ச்பர்க்கில் இருந்த இன்னொரு பழைய பெண்கள் கல்லூரி இதே நெருக்கடியில் வேறு வழி எடுத்தது. ராண்டால்ஃப்-மேக்கன் பெண்கள் கல்லூரி 2006-இல் ஆண்களையும் சேர்ப்பதென்று முடிவு செய்து, அடுத்த ஆண்டே ராண்டால்ஃப் கல்லூரி என்று பெயரை மாற்றிக்கொண்டது. முன்னாள் மாணவிகள் வழக்குப் போட்டார்கள். 2008-இல் வர்ஜீனியா உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். பிறகு நிதியைத் தேற்ற அந்தக் கல்லூரி தன் ஓவியங்களையே விற்றது. ஜார்ஜ் பெல்லோஸ் வரைந்த ஒரே ஓவியத்துக்கு 2014-இல் லண்டன் தேசியக் கலைக்கூடம் கொடுத்தது 2.55 கோடி டாலர். ஸ்வீட் ப்ரையர் குழுவின் கண்ணெதிரே இருந்த பாடம் இது. முன்னாள் மாணவிகள் கத்துவார்கள், வழக்குப் போடுவார்கள், தோற்பார்கள் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தால் ஆச்சரியமில்லை.

தள்ளாடித் தள்ளாடி ஒருநாள் சம்பளம் கொடுக்க முடியாமல் விழுவதைவிட, கையில் கொஞ்சம் பணம் இருக்கும்போதே மரியாதையாக மூடுவது மேல் என்றது குழு. மாணவிகளை ஏற்றுக்கொள்ள ராண்டால்ஃப், லிஞ்ச்பர்க், ஹாலின்ஸ், மேரி பால்ட்வின் ஆகிய நான்கு கல்லூரிகளோடு ஒப்பந்தமும் போட்டிருந்தது. தர்க்கத்தில் குறை இல்லை. குறை எங்கே என்றால், இத்தனை பெரிய முடிவை எடுக்கும்வரை யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'வீடு எரிகிறது, வாளி கொண்டுவாருங்கள்' என்று ஒருமுறையாவது கூப்பிட்டிருக்கலாம். எரிந்து முடியப்போகிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டார்கள்.

நூறு நாள் சண்டை

அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே முன்னாள் மாணவிகள் 'சேவிங் ஸ்வீட் ப்ரையர்' என்ற அமைப்பைப் பதிவு செய்து வக்கீல் வைத்துவிட்டார்கள். சிறிய கல்லூரியின் பலம் இங்கேதான் தெரிகிறது. முப்பதாயிரம் பேர் படிக்கும் பல்கலைக்கழகத்தில் உங்கள் வருடத்தில் யார் யார் படித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வருடத்துக்கு நூற்றைம்பது பேர் படித்த இடத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், யார் எந்த ஊரில் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். ஒருவர் வக்கீல், ஒருவர் வங்கியில், ஒருவர் ஜார்ஜியா மாநிலத்தில் கொலம்பஸ் நகர மேயர். அந்த மேயர், தெரேசா டாம்லின்சன், பின்னால் நிர்வாகக் குழுவுக்கே தலைவரானார்.

ஆசிரியர்கள் நிர்வாகத்தின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டார்கள். மார்ச் 30 அன்று ஆம்ஹெர்ஸ்ட் மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர் எல்லன் பௌயர் வழக்குத் தொடுத்தார். ஆசிரியர்களும், மாணவிகளும் பெற்றோரும் தனித்தனியே வேறு வழக்குகள் போட்டார்கள்.

பௌயரின் வாதத்துக்கு இரண்டு கால்கள். கல்லூரியை நடத்துவதற்கென்று மக்களிடம் வாங்கிய நன்கொடையை மூடுவதற்குச் செலவழிப்பது மாநிலச் சட்டப்படி தப்பு என்பது ஒன்று. மற்றது உயில். இந்தியானா எழுதிவைத்தது ஓர் அறக்கட்டளை, கல்லூரி அதன் காப்பாளர் மட்டுமே. காப்பாளர் தன் இஷ்டத்துக்குச் சொத்தைக் கலைக்க முடியாது, நீதிமன்றத்திடம் கேட்டாக வேண்டும்.

நிர்வாகம் சொன்ன பதில்: இது அறக்கட்டளை இல்லை, சட்டப்படி பதிவான ஒரு நிறுவனம். நிறுவனத்தின் குழுவுக்கு அதை மூடவும் உரிமை உண்டு.

ஏப்ரலில் நீதிபதி ஜேம்ஸ் அப்டைக் முதல் வாதத்தை ஓரளவு ஏற்று, நன்கொடைப் பணத்தை மூடும் வேலைக்குப் பயன்படுத்த 60 நாள் தடை போட்டார். இரண்டாவதை ஏற்கவில்லை. வழக்கு அவசரமாக மேலே போனது. ஜூன் 9 அன்று வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. நிறுவனமாக இருப்பதால் மட்டுமே அறக்கட்டளைச் சட்டம் பொருந்தாது என்று சொல்ல முடியாது, நிறுவனமும் காப்பாளராக இருக்கலாம், மறுபடி விசாரியுங்கள் என்று கீழே அனுப்பியது. இது வெற்றித் தீர்ப்பு இல்லை. ஆனால் நிர்வாகத்தின் காலடி மண் நகர்ந்துவிட்டது. கல்லூரி மூடும் தேதிக்கு இன்னும் பதினோரு வாரம்தான், வழக்கோ முதலிலிருந்து தொடங்கப்போகிறது.

மாநில அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெர்ரிங் நடுவில் உட்கார்ந்து பேசினார். ஜூன் 20 அன்று சமரசம், இரண்டு நாள் கழித்து நீதிமன்ற ஒப்புதல். முன்னாள் மாணவிகளின் அமைப்பு 1.2 கோடி டாலர் தர வேண்டும், அதில் முதல் தவணை 25 லட்சம் ஜூலை தொடக்கத்திலேயே. மூலதன நிதியில் கட்டிவைத்திருந்த 1.6 கோடி டாலரை அவிழ்த்துவிட அட்டர்னி ஜெனரல் சம்மதிப்பார். பழைய தலைவர் விலகுவார். குழுவில் புதியவர்கள் பெரும்பான்மையாவார்கள்.

நிலத்தை விற்கவிடாமல் கல்லூரியின் கழுத்தை நெரித்த அதே உயில்தான் அதை மூடவிடாமலும் தடுத்தது. உயில் திரும்பி வந்த இரண்டாவது முறை இது.

செப்டம்பரில் யார் இருந்தார்கள்?

புதிய தலைவராக வந்தவர் ஃபிலிப் ஸ்டோன். வழக்கறிஞர், ஏற்கெனவே பிரிட்ஜ்வாட்டர் என்ற இன்னொரு வர்ஜீனியக் கல்லூரியைப் பல ஆண்டு நடத்தியவர். அவர் கைக்கு வந்தபோது கல்லூரி பாதி கலைந்திருந்தது. ஆசிரியர்கள் சிலர் வேறு வேலை பார்த்துக்கொண்டார்கள். மாணவிகளில் பெரும்பாலோர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார்கள். புது மாணவிகளைத் தேட வேண்டிய மாதங்களில் யாரும் தேடவே இல்லை. அந்தக் கோடையில் முன்னாள் மாணவிகள் கையுறையும் பெயின்ட் வாளியுமாக வந்து புல் வெட்டினார்கள், சுவருக்கு வண்ணம் அடித்தார்கள். ஐம்பது வயது, அறுபது வயதுப் பெண்கள், தாங்கள் தங்கியிருந்த விடுதி அறையைத் தாங்களே துடைத்தார்கள்.

படிப்பாண்டு தொடங்கியபோது இருந்தது சுமார் 240 மாணவிகள்.

என் மனம் அந்த 240 பேரிடம்தான் திரும்பத் திரும்பப் போகிறது. வழக்கு, தீர்ப்பு, கோடி டாலர் எல்லாம் சரி. அந்த செப்டம்பரில் சாப்பாட்டுக் கூடத்தில் பாதி மேசை காலி. உங்கள் அறைத்தோழி போய்விட்டாள். அடுத்த வருடமும் கல்லூரி இருக்குமா என்று அப்பா வாரா வாரம் போனில் கேட்கிறார். இன்னொரு பக்கம், வகுப்பில் ஐந்தே பேர், பேராசிரியர் உங்கள் எதிரில். வேறெங்கும் கிடைக்காத கவனம். கிராமத்துச் சிறு கல்லூரியில் நல்லதும் கெட்டதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பது பொதுவாகவே உண்மை. இந்த வருடம் அது இன்னும் பச்சையாகத் தெரிந்திருக்கும். வகுப்புக்கு மட்டம் போட்டால் மதியத்துக்குள் ஆசிரியருக்குத் தெரியும். காதல் முறிந்தால் மாலைக்குள் விடுதிக்கே தெரியும். யாரோடாவது சண்டை போட்டால் நாலு வருடமும் அதே முகத்தோடுதான் சாப்பிட வேண்டும், ஓடிப் போக ஊர் இல்லை. ஆராய்ச்சிக் கருவியைத் தொட முதுநிலை மாணவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வாட்ச்மேன் வரை பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

கிராமம் என்பதாலேயே கல்லூரி நலிந்துவிடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அயோவா மாநிலத்தில் சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கும் கிரின்னல் கல்லூரியின் மூலதன நிதி 200 கோடி டாலரைத் தாண்டும், மாணவர்களோ 1,700 பேர் அளவில்தான். அங்கே படித்த ராபர்ட் நாய்ஸ் 1968-இல் இன்டெல் தொடங்கியபோது கல்லூரியும் அதில் கொஞ்சம் பணம் போட்டுவைத்தது. காபிக் கடை தூரமாக இருப்பது ஒருவருக்கு வறுமை, இன்னொருவருக்கு அழகு. இடையில் இருப்பது வங்கிக் கணக்கு.

என்னிடம் யாராவது இப்படிப்பட்ட கல்லூரியைப் பற்றிக் கேட்டால், தரவரிசைப் பட்டியலை மூடிவைத்துவிட்டு வேறு சிலவற்றைப் பாருங்கள் என்பேன். மூலதன நிதியை மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் என்ன வருகிறது? கடந்த ஐந்து வருடத்தில் சேர்க்கை ஏறுகிறதா, இறங்குகிறதா? தள்ளுபடி எவ்வளவு? உங்கள் பிள்ளைக்கு ரொம்பப் பெரிய உதவித்தொகை வந்தால் சந்தோஷப்படுங்கள். ஆனால் எல்லோருக்குமே அவ்வளவு பெரிய உதவித்தொகை வந்திருக்கிறது என்றால் கொஞ்சம் யோசியுங்கள். அமெரிக்காவில் 2007-க்குப் பிறகு பிறப்பு எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. அந்தக் குழந்தைகள் இப்போதுதான் கல்லூரி வயதுக்கு வருகிறார்கள். வெர்மான்ட்டில் கிரீன் மவுன்டன் 2019-இல் மூடியது, மார்ல்பரோ 2020-இல். நியூயார்க் மாநிலத்தில் ஏரிக்கரையில் 1868 முதல் இருந்த வெல்ஸ் கல்லூரி, 2024 ஏப்ரல் கடைசியில் அறிவித்து அந்தப் பருவத்தோடு மூடிவிட்டது. ஸ்வீட் ப்ரையர் மாணவிகளுக்குக் கிடைத்த ஐந்தரை மாதம்கூட அங்கே கிடைக்கவில்லை.

பிறகு

2017-இல் தலைவராக வந்த மெரிடித் வூ அந்த ஆடித் தள்ளுபடியை நிறுத்தினார். 36,000 டாலரை ஒட்டியிருந்த படிப்புக் கட்டணம் ஒரேயடியாக 21,000 ஆனது. எப்படியும் யாரும் கட்டாத விலைதானே. துறைகள் என்ற அமைப்பைக் கலைத்து மூன்று மையங்களாக்கினார்கள், பெண்களின் தலைமைப் பண்பை நடுவில் வைத்துப் பாடத்திட்டத்தைத் திருத்தினார்கள். இதில் ஆசிரியர்கள் சிலருக்கு வேலை போனது. காப்பாற்றப்பட்ட கல்லூரியிலும் ஆட்குறைப்பு நடந்தது என்பதைக் கொண்டாட்டக் கதைகள் அதிகம் சொல்வதில்லை. விற்க முடியாத நிலத்தில் திராட்சை நட்டார்கள், பெரிய பசுமைக்குடில் போட்டார்கள், தேனீ வளர்த்தார்கள். மாணவிகள் எண்ணிக்கை மெல்ல ஏறியது, பழைய 700-ஐ எட்டவில்லை. முன்னாள் மாணவிகள் வருடா வருடம் கொடுக்கும் பணம் இல்லாமல் இன்றும் கணக்கு நிற்காது. 2015-இல் குழு போட்ட கூட்டல் கழித்தல் தப்பில்லை என்று நான் சொன்னது இதனால்தான். அந்தக் கூட்டலில் ஒரு வரி விடுபட்டிருந்தது, அவ்வளவுதான்.

உயில் மூன்றாம் முறை வந்தது 2024-இல். தலைவர் மேரி போப் ஹட்சன் இந்தக் கல்லூரியிலேயே படித்தவர். பிறக்கும்போதே பெண்ணாகப் பதிவாகி, பெண்ணாகவே வாழ்பவர்களை மட்டும் சேர்ப்போம் என்று நிர்வாகம் கொள்கை வகுத்தது. 1900-இல் இந்தியானா 'பெண்கள்' என்று எழுதியபோது நினைத்தது அதைத்தான் என்று காரணம் சொன்னது. ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் எதிர்த்து வாக்களித்தார்கள். கொள்கை மாறவில்லை. உயிலைக் காட்டித்தானே கல்லூரியைக் காப்பாற்றினோம், இப்போது வேண்டாம் என்றால் எப்படி என்று நிர்வாகத் தரப்பு கேட்கலாம். அதே உயிலில் இருந்த நிறத்தை 1960-களில் தூக்கிப் போட்டோமே என்று மறுதரப்பு திருப்பிக் கேட்கலாம். எனக்கு இரண்டாவது கேள்விதான் கனமாகப் படுகிறது.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் நிறுவனர் நாளன்று மாணவிகள் மேட்டில் இருக்கும் குடும்பக் கல்லறைக்கு ஊர்வலமாக நடந்து போய், டெய்ஸியின் சமாதியில் டெய்ஸிப் பூக்களை வைக்கிறார்கள். 2015-இலும் போனார்கள். அந்த வருடம் ஊர்வலம் கொஞ்சம் சின்னது.